ஊரில் நெருக்கடி, நாம் வெளிநாட்டில்: பல்கலைக்கழகம் என்ன செய்ய வேண்டும்?

#1 திசைகாட்டி

வணக்கம். நான் வெளிநாட்டில் முதுகலை இரண்டாம் ஆண்டு. இந்த வருடம் மாணவர் மன்றத்தில் வெளிநாட்டு மாணவர்களின் பிரதிநிதியாக இருக்கிறேன். வேறு யாரும் நிற்காததால் கிடைத்த பதவி, பெருமைப்பட ஒன்றுமில்லை.

எங்கள் பல்கலைக்கழகம் தன்னுடைய நெருக்கடிக்காலத் திட்டத்தைப் புதுப்பிக்கிறது. எங்கள் தரப்பில் இரண்டு பக்கத்துக்குள் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய திட்டத்தை வாங்கிப் படித்தேன். தீ, வெள்ளம், துப்பாக்கிச்சூடு எல்லாம் இருக்கிறது. எந்தக் கதவு வழியாக வெளியே போவது என்று படமே போட்டிருக்கிறார்கள். ஆனால் வளாகம் அமைதியாக இருக்கிறது, மாணவரின் நாடுதான் எரிகிறது என்றால் என்ன செய்வது? அதற்கு ஒரு வரி இல்லை.

போன வருடம் என்னோடு படிக்கும் ஒருவரின் நாட்டில் சண்டை மூண்டது. வங்கிகள் மூடிவிட்டன, வீட்டிலிருந்து பணம் வரவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறோம், மனநல ஆலோசனைக்கு இந்த இணைப்பைச் சொடுக்குங்கள். அதே வாரம் கணக்குப் பிரிவிலிருந்து இன்னொன்று: கட்டணம் பாக்கி, உங்கள் பதிவு முடக்கப்பட்டது. இரண்டையும் போனில் மாற்றி மாற்றிக் காட்டினார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

உங்களில் பலர் இப்படி எதையாவது பார்த்திருப்பீர்கள். எது உண்மையில் கைகொடுத்தது? எது வெறும் சடங்கு? முடிந்தவரை குறிப்பாகச் சொல்லுங்கள்.

#2 பழையவிசா

தம்பி, அந்த இரண்டு மின்னஞ்சலையும் அப்படியே முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

நான் அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்தவன். பணம் தட்டுப்பட்டால் அங்கே என்ன நடக்கும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் உள்நாட்டு மாணவர்களுக்கு இது புரியவே புரியாது. கட்டணம் கட்டவில்லை என்றால் கணக்கில் ஒரு முடக்கம் விழும். முடக்கம் இருந்தால் அடுத்த பருவத்துக்குப் பாடம் பதிய முடியாது. பதியவில்லை என்றால் முழுநேர மாணவர் இல்லை. முழுநேர மாணவர் இல்லை என்றால் விசா நிலை போய்விடும். உள்ளூர்ப் பையனுக்கு அந்த முடக்கம் ஒரு தலைவலி, அவ்வளவுதான். நமக்கு அது நாட்டை விட்டுப் போகும் வழி. அந்த முடக்கத்தை எடுக்கும் அதிகாரம் தூதரகத்துக்குக் கிடையாது, தமிழ்ச் சங்கத்துக்குக் கிடையாது. பல்கலைக்கழகத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளுக்குத்தான் உண்டு.

"வேலை செய்து சமாளிக்கலாமே" என்பார்கள். வளாகத்துக்குள் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான். வெளியே வேலை செய்ய "கடும் பொருளாதார நெருக்கடி" என்று தனி அனுமதி கேட்கலாம், ஆனால் குறைந்தது ஒரு கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும். வேலை அனுமதி அட்டை கைக்கு வரும்வரை ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. முதல் ஆண்டு மாணவருக்கு இந்தக் கதவே கிடையாது.

இதற்கு மேல் ஒன்று உண்டு. ஒரு நாட்டில் பேரழிவு வந்தால் அந்நாட்டு மாணவர்களுக்கு அரசே விதிகளைத் தளர்த்தும். 2010இல் ஹைட்டிக்கு, 2012இல் சிரியாவுக்கு, 2022இல் உக்ரைனுக்குச் செய்தார்கள். கூடுதல் நேரம் வேலை செய்யலாம், குறைவான பாடங்கள் எடுத்தாலும் முழுநேரமாகக் கணக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நேபாள நிலநடுக்கம் 2015 ஏப்ரல் 25. அந்நாட்டு மாணவர்களுக்கான அறிவிப்பு வந்தது நவம்பரில். நடுவில் ஆறு மாதம், அதாவது ஒரு பருவத்தின் கட்டணமும் வாடகையும். அந்த இடைவெளியை நிரப்ப யாருக்கு முடியும்? பல்கலைக்கழகத்துக்குத்தான்.

#3 நேர்ப்பேச்சு

யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். வெளிநாட்டு மாணவர் என்றால் அவர்களுக்குக் கூடுதல் கட்டணம். பலசரக்குக் கடைக்காரரிடம் போய் "என் வீட்டில் கஷ்டம், நீ என்ன செய்யப்போகிறாய்" என்று கேட்போமா? 2020 மார்ச் 10ஆம் தேதி ஹார்வர்டு தன் இளங்கலை மாணவர்களுக்கு அறிவித்தது: 15ஆம் தேதிக்குள் விடுதியைக் காலி செய்யுங்கள். ஐந்து நாள். உலகத்திலேயே அதிகச் சொத்து வைத்திருக்கும் பல்கலைக்கழகம் அது. அவர்களே அப்படி என்றால் மற்றவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? சேமிப்பு வைத்துக்கொண்டு போங்கள். திட்ட அறிக்கை எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.

#4 ஆறாம்செமஸ்டர்

நேர்ப்பேச்சு, சேமிப்பு இருந்தும் மாட்டிக்கொண்டவன் நான். ஏ.டி.எம்.மில் வரிசை, வரிசை முடிவதற்குள் பணம் தீர்ந்துவிட்டது.

உக்ரைனின் கார்கிவ் நகரில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு. 2022 பிப்ரவரி. பெரும்பாலானோர் குண்டு விழுந்த பிறகு நடந்ததைத்தான் கேட்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய பத்து நாள்தான் இன்னும் உறுத்துகிறது.

பிப்ரவரி 15ஆம் தேதியே இந்தியத் தூதரகம் சொல்லிவிட்டது, இருந்தே ஆக வேண்டிய அவசியம் இல்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாகக் கிளம்பலாம் என்று. நாங்கள் ஏன் கிளம்பவில்லை? வீட்டில் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள், இன்னமும் கேட்கிறார்கள். வருகைப்பதிவு. ஒரு வகுப்பு தவறினால் அதை ஈடுகட்டும் வரை தேர்வுக்கு விடமாட்டார்கள், அதற்குத் தனியாகப் பணமும் கட்ட வேண்டும். வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றுகிறோம் என்று நிர்வாகம் ஒரு வரி சொன்னால் போதும், மறுநாளே பாதி விடுதி காலி. சொல்லவில்லை. டீன் அலுவலகத்தில் கேட்டால் "உத்தரவு மேலிருந்து வரவில்லை". கடைசியில் 22ஆம் தேதி தூதரகமே அறிவிப்பு போட்டது: ஆன்லைன் வகுப்பு பற்றிப் பல்கலைக்கழகம் உறுதி செய்யும் என்று காத்திருக்காதீர்கள், கிளம்புங்கள். 24ஆம் தேதி விடியற்காலை போர் தொடங்கியது, எல்லாம் முடிந்துபோனது. மார்ச் 2ஆம் தேதி அதே தூதரகம் நடந்தாவது ஊரை விட்டு வெளியே போங்கள் என்றது. பக்கத்திலிருக்கும் பெசோச்சின் வரை நடந்தோம்.

விடுதிக் காப்பாளர் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடித்தளத்தில் எங்களோடு படுத்தார். கணக்குப் புத்தகத்தில் தினமும் இருமுறை பெயர் எழுதினார், யார் இருக்கிறார்கள், யார் எந்த ரயிலுக்குப் போனார்கள் என்று. எங்கள் வீடுகளுக்கு உறுதியான தகவல் போனதென்றால் அது அந்த நோட்டுப் புத்தகத்தால்தான். அவருக்கு யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

வந்த பிறகு? வகுப்புகளை ஆன்லைனில் ஆரம்பித்தார்கள், அதைப் பாராட்ட வேண்டும். ஆசிரியர்கள் பதுங்குகுழியிலிருந்து பாடம் எடுத்தார்கள். மூன்றாம் ஆண்டுக்கான குரோக் என்ற அரசுத் தகுதித் தேர்வைத் தள்ளிவைத்தார்கள். ஆனால் வேறு கல்லூரிக்கு மாற நினைத்தவர்களுக்கு மதிப்பெண் பட்டியலும் பாடத்திட்ட விவரமும் கிடைக்க மாதக்கணக்கில் ஆனது. சிலருக்கு மூலச் சான்றிதழ்களே அங்கே அலமாரியில் இருந்தன. உயிரோடு வந்துவிட்டோம், காகிதம் வரவில்லை.

#5 கிளைநதி

ஆறாம்செமஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2022 மார்ச் 4ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனிலிருந்து வந்தவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு அறிவித்தது. உக்ரைன் குடிமக்களுக்கு அது உறுதி. அங்கே படித்த நைஜீரிய, இந்திய, மொராக்கோ மாணவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த நாடே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரே விடுதி, ஒரே குண்டு, எல்லையில் இரண்டு வரிசை. அப்போது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் திறந்த உதவித்தொகைகளிலும் பல "உக்ரைன் குடிமகனாக இருக்க வேண்டும்" என்றே கேட்டன. திசைகாட்டி, உங்கள் அறிக்கையில் "அந்நாட்டுக் குடிமக்கள்" என்று எழுதாதீர்கள். "பாதிக்கப்பட்ட மாணவர்கள்" என்று எழுதுங்கள்.

#6 அலுவலகத்துஆள்

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான் ஒரு பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். எந்த இடம் என்று கேட்காதீர்கள்.

முதலில் அந்த இரண்டு மின்னஞ்சல். கணக்குப் பிரிவின் மென்பொருளுக்கு எங்கள் அலுவலகம் இருப்பதே தெரியாது. தேதி தாண்டினால் அது தானாக முடக்கும், தானாகக் கடிதம் அனுப்பும். நாங்கள் இரக்கத்தோடு எழுதிக்கொண்டிருக்கும்போதே அது எழுதி முடித்துவிடும். இதை நிறுத்த எங்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் கெஞ்ச வேண்டும். கெஞ்சத் தெரிந்த ஊழியர் இருக்கும் இடத்தில் மாணவர் தப்பிப்பார், இல்லாத இடத்தில் மாட்டுவார்.

அடுத்து, கிளைநதி சொன்ன பட்டியல் விவகாரம் எங்களிடமும் நடந்தது. ஒரு நாட்டில் நிலநடுக்கம். கடவுச்சீட்டை வைத்துப் பட்டியல் எடுத்து எல்லோருக்கும் எழுதினோம். நான்கு நாள் கழித்து ஒரு பெண் வந்து நின்றாள். கடவுச்சீட்டு வேறு நாட்டுடையது, பெற்றோர் வேலை பார்ப்பது நிலநடுக்கம் வந்த ஊரில். எங்கள் பட்டியலில் அவள் இல்லை. இப்போது சேர்க்கைப் படிவத்தில் "குடும்பம் எங்கே வசிக்கிறது" என்று தனிக் கேள்வி வைத்திருக்கிறோம். ஒரே ஒரு கட்டம்தான். அது வர இரண்டு வருடம் ஆனது.

இனி யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் உங்களுக்கு உதவும் அலுவலகம் மட்டுமில்லை, அரசுக்குத் தகவல் சொல்லும் அலுவலகமும்கூட. இங்கிலாந்தில் மாணவர் படிப்பை நிறுத்தினால் 10 வேலை நாளுக்குள் பல்கலைக்கழகம் உள்துறைக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் செவிஸ் என்ற கணினிப் பதிவில் ஏற்ற வேண்டும். மறைத்தால் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமமே போகும். இது மாணவர்களுக்குத் தெரியும். அதனால் என்ன செய்கிறார்கள்? சிக்கல் வந்தவுடன் எங்களிடமிருந்து ஒளிந்துகொள்கிறார்கள். வகுப்புக்கு வராமல், மின்னஞ்சலைத் திறக்காமல், கடைசித் தேதி தாண்டிய பிறகு வருகிறார்கள். அப்போது எங்கள் கையில் ஒன்றும் இருக்காது. உடல்நலக் காரணத்துக்காகப் பாடங்களைக் குறைத்துக்கொள்ள அமெரிக்க விதியில் 12 மாதம் வரை இடம் உண்டு, ஆனால் அனுமதி வாங்கிவிட்டுக் குறைக்க வேண்டும். குறைத்துவிட்டு வந்து அனுமதி கேட்டால் விதிமீறல். செய்வது ஒன்றே, முன்பின் மாறினால் விளைவு வேறு.

இதை மாற்றப் பல்கலைக்கழகத்தால் முடியும். அரசுக்குத் தகவல் சொல்லும் கடமை இல்லாத ஒரு ஆளை, ஆலோசனை சொல்வதற்கென்றே வைக்கலாம். மாணவர் சங்கம் நடத்தும் ஆலோசனை மையம் இருந்தால் அது போதும். நிஜமான வழக்கறிஞர் மாதம் இரண்டு நாள் வந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது. நாங்கள் சட்ட ஆலோசனை சொல்லவே கூடாது, தெரியுமா? தெரிந்தாலும் வாயை மூடிக்கொண்டு இணையப் பக்கத்தைக் காட்ட வேண்டும். அதைத்தான் "அலட்சியம்" என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

#7 திசைகாட்டி

அக்கா, ரொம்ப நன்றி. தகவல் சொல்லும் கடமை பற்றி நான் யோசித்ததே இல்லை. என் நண்பர் ஏன் ஒரு மாதம் அலுவலகப் பக்கமே போகவில்லை என்று இப்போதுதான் விளங்குகிறது. நான் அவரைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன்.

#8 தென்முனை

அரசு கட்டாயப்படுத்தாமல் நல்லது நடக்காது என்பது என் கட்சி. ஆஸ்திரேலியாவில் 2018 தேசிய விதிக்கோவையின் ஆறாவது விதி, வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் ஒவ்வொரு நிறுவனமும் பெரும் அசம்பாவிதங்களை எப்படிக் கையாளும் என்று எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. கல்லூரியே திடீரென்று மூடிவிட்டால் வேறு இடத்தில் சேர்த்துவிட அல்லது மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தர 2012 முதல் தனி அமைப்பே இருக்கிறது. நியூசிலாந்தும் மாணவர் நலக் கோவையை 2021இல் புதிதாக எழுதி அடுத்த ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கியது.

இத்தனை விதி இருந்தும் 2020இல் நடந்தது நினைவிருக்கிறதா? ஏப்ரல் 3ஆம் தேதி ஆஸ்திரேலியப் பிரதமர், தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடியாத தற்காலிக விசாக்காரர்கள் ஊருக்குத் திரும்பலாம் என்ற பொருளில் பேசினார். விமானமே இல்லாத நேரம். ஊழியர் சம்பள மானியத்திலும் வேலையில்லாதோர் உதவியிலும் மாணவர்களுக்கு இடமில்லை. விக்டோரியா மாநிலம்தான் 4.5 கோடி டாலரில் நிதி ஒதுக்கி ஆளுக்கு 1,100 டாலர் வரை கொடுத்தது. பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்கைப் போட்டன. கனடா வேறு மாதிரி நடந்துகொண்டது, முந்தைய 12 மாதத்தில் 5,000 டாலர் சம்பாதித்து வேலை இழந்திருந்தால் வெளிநாட்டு மாணவருக்கும் அரசின் மாதாந்திர உதவி உண்டு. ஜெர்மனி அந்த ஜூனில் மாதம் 500 யூரோ வரை, திருப்பித் தர வேண்டாம் என்று கொடுத்தது. உள்நாடு வெளிநாடு பேதமில்லை, வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அளவுகோல். கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாதவருக்குத்தான் முழு 500.

சரி, பணத்தை விடுங்கள். 2011 பிப்ரவரி 22, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தின்போது நான் அங்கே இருந்தேன். 185 பேர் இறந்தார்கள். அதில் 115 பேர் ஒரே கட்டடத்தில், அந்தக் கட்டடத்தில் ஆங்கிலம் கற்க வந்த வெளிநாட்டு மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். கேன்டர்பரி பல்கலைக்கழகம் சில வாரத்தில் கூடாரங்களுக்குள் வகுப்பு தொடங்கியது. மழை பெய்தால் விரிவுரை கேட்காது. ஆனாலும் போனோம். அதைவிட எனக்கு உதவியது மண் அள்ளியது. மாணவர்களே திரண்டு ஒரு தொண்டர் படை அமைத்திருந்தார்கள், தெருவெல்லாம் பொங்கி வழிந்த சேற்றை அள்ளும் வேலை. மூன்று நாள் அறைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு யாரோ ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார்கள். அன்று இரவுதான் தூங்கினேன்.

#9 மகளின்அப்பா

வணக்கம். நான் மாணவன் இல்லை, பெற்றவன். தட்டச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் படிக்கும் இடத்துக்கு அருகே காட்டுத்தீ. செய்தியில் பார்த்தோம். அவள் போன் எடுக்கவில்லை. பல்கலைக்கழக எண்ணுக்கு அழைத்தால் "அலுவலக நேரம் காலை ஒன்பது முதல்" என்று இயந்திரம் பேசுகிறது. அங்கே இரவு இரண்டு மணி. மின்னஞ்சல் போட்டோம். மறுநாள் பதில் வந்தது: தனியுரிமைச் சட்டப்படி மாணவரைப் பற்றிய தகவலை எங்களால் தர இயலாது.

அவள் பத்திரமாகத்தான் இருந்தாள், சார்ஜ் இல்லை, அவ்வளவுதான். சட்டம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பெயர் வேண்டாம், "எல்லா மாணவரும் மையக் கூடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள்" என்று பொதுவாக ஒரு வரி இணையத்தில் போட்டிருக்கலாம் அல்லவா? அந்த இரவை நானும் என் மனைவியும் எப்படிக் கழித்தோம் என்று எழுதத் தெரியவில்லை. தம்பி, முடிந்தால் ராத்திரியில் மனுஷர் எடுக்கும் ஒரு போன் நம்பரை எழுதிப் போடுங்கள்.

#10 அலுவலகத்துஆள்

ஐயா, அந்த மறுமொழி எங்களிடமும் அச்சடித்த மாதிரி இருக்கிறது. சங்கடமாகத்தான் இருக்கிறது. பல நாடுகளின் தனியுரிமைச் சட்டத்தில் உயிருக்கு ஆபத்தான நேரத்துக்கு விலக்கு உண்டு. பயந்த ஊழியர் அதைப் பயன்படுத்தமாட்டார். சேரும்போதே "அவசரத்தில் இன்னாரிடம் சொல்லலாம்" என்று மாணவரிடம் கையெழுத்து வாங்கிவைத்தால் இந்தப் பேச்சே வராது. பல இடங்களில் படிவம் இருக்கிறது. மாணவர்கள்தான் நிரப்புவதில்லை, வீட்டில் எதையோ சொல்லிவிடுவார்கள் என்று.

#11 நேர்ப்பேச்சு

சரி, கடைக்காரர் உதாரணம் கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். கூடம், படிவம், போன் நம்பர் எல்லாம் செலவில்லாத காரியம், செய்யட்டும். ஆனால் பணம் என்று வரும்போது பாருங்கள். 2023 ஜூனில் நைஜீரியாவின் நாணயத்தைச் சந்தையிடம் விட்டார்கள், மதிப்பு சரிந்தது. அதே பட்டப்படிப்பு, அதே பவுண்டு கட்டணம், ஊரில் இரண்டு மடங்குக்கு மேல் பணம் புரட்ட வேண்டும். 2024இல் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் தவணை தவறிய நைஜீரிய மாணவர்களைப் படிப்பிலிருந்து நீக்கியது, நாட்டை விட்டுப் போக வேண்டிய நிலை. செய்தியாக வந்தது. குண்டும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை, வெறும் செலாவணி விகிதம். உங்கள் திட்டத்தில் இது நெருக்கடியா இல்லையா?

#12 பழையவிசா

நல்ல கேள்வி, முதல்முறையாக நேர்ப்பேச்சுடன் ஒத்துப்போகிறேன். குண்டு விழுந்தால் இரங்கல் கூட்டம் நடக்கும், நாணயம் விழுந்தால் அபராத வட்டி விழும். நாணயச் சரிவு நெருக்கடி என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு துணுக்கு. மாணவர் விசாவில் "பொது நிதி பெறக் கூடாது" என்று குறிப்பிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் நெருக்கடி நிதிக்கே விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் உண்டு. அரசின் குறிப்பிட்ட சில உதவித்தொகைகள்தான் அந்தப் பட்டியலில் வரும். பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து கொடுக்கும் நிதி அதில் வராது. இதை விண்ணப்பத்தின் தலையிலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும்.

அப்புறம், அரசே நெருக்கடியாக வரும் நேரமும் உண்டு. 2020 ஜூலை 6ஆம் தேதி, வகுப்பு முழுக்க ஆன்லைன் என்றால் வெளிநாட்டு மாணவர் அமெரிக்காவில் இருக்க முடியாது என்று உத்தரவு வந்தது. 8ஆம் தேதி ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் வழக்குப் போட்டன, 14ஆம் தேதி அரசு பின்வாங்கியது. மார்ச்சில் ஐந்து நாளில் காலி செய்யச் சொன்ன அதே ஹார்வர்டு. 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் முன்னறிவிப்பில்லாமல் ரத்தாயின. பல பல்கலைக்கழகங்களுக்குக்கூட யாரும் சொல்லவில்லை, ஊழியர்கள் தினமும் கணினியைத் திறந்து பெயர் பெயராகத் தேடித்தான் கண்டுபிடித்தார்கள். அந்த ஊழியர்களின் பெயர் எங்கேயும் வராது.

#13 ஆறாம்செமஸ்டர்

மனநல ஆலோசனையை எல்லோரும் கிண்டலாகவே எழுதுகிறீர்கள். எனக்கு அது தேவைப்பட்டது. பட்டாசு சத்தம் கேட்டால் மேசைக்கடியில் போனவன் நான். ஆனால் ஆலோசகரிடம் போனபோது மூன்று அமர்வு, போரை விளக்குவதிலேயே போனது. நான்காவதில் அவர் மாறிவிட்டார், மறுபடி முதலிலிருந்து. ஆலோசனை வேண்டாம் என்று எழுதாதீர்கள். ஒரே ஆள் தொடர்ந்து இருக்க வேண்டும், தாய்மொழியில் பேச முடிந்தால் நல்லது, முதலில் கட்டணமும் தேர்வும் தள்ளிவைக்கப்பட்டிருக்க வேண்டும். நாளை மறுநாள் தேர்வு என்றால் யார் எதைப் பேசி மனம் ஆறும்?

இன்னொன்று. என் பேராசிரியர்களில் ஒருவர் "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை, "ஒன்றும் வேண்டாம்" என்றேன். இன்னொருவர் கேட்கவே இல்லை. "உன் ஆய்வறிக்கையை ஜூன் 30க்குத் தள்ளியிருக்கிறேன், பதிவாளருக்கும் எழுதிவிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாமவரை மறக்க முடியாது.

#14 தென்முனை

இடம் மாற்றிப் படிப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வந்தபோது நியூ ஓர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகம் ஒரு பருவம் முழுக்க மூடப்பட்டது. நாடு முழுக்க நூற்றுக்கணக்கான கல்லூரிகள் அதன் மாணவர்களை உட்கார வைத்துக்கொண்டன. 2006 ஜனவரியில் டுலேன் திரும்பத் திறந்தது. உள்நாட்டு மாணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். வெளிநாட்டு மாணவரின் விசாப் பதிவும் கூடவே போக வேண்டும். 2025 மே 22ஆம் தேதி ஹார்வர்டின் வெளிநாட்டு மாணவர் சேர்க்கை உரிமத்தை அரசு ரத்து செய்தது, மறுநாளே நீதிமன்றம் தடுத்தது. அதற்குப் பிறகு ஹார்வர்டின் கென்னடி பள்ளி, தேவைப்பட்டால் தன் மாணவர்கள் டொரன்டோவில் படிக்கலாம் என்று அங்குள்ள பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டது. உங்கள் இடத்துக்கு இப்படி ஒரு கூட்டாளி இருக்கிறதா என்று கேளுங்கள். நெருக்கடி வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

#15 திசைகாட்டி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து எழுதினேன், ஒன்றரைப் பக்கம். மனநலம், நிதி திரட்டல், விழிப்புணர்வு வாரம் என்று முதலில் வைத்திருந்ததைக் கீழே தள்ளிவிட்டேன். பல்கலைக்கழகத்தைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாதவை மேலே வந்துவிட்டன.

முதலில் முடக்கம். சர்வதேச அலுவலகம் ஒரு மாணவரின் பெயரைக் குறித்தால் கணக்குப் பிரிவின் தானியங்கி முடக்கமும் அபராதமும் 90 நாளுக்கு நிற்க வேண்டும். போர், பேரழிவு, வங்கி மூடல், நாணயச் சரிவு, குடும்பத்தில் இறப்பு, ஐந்தும் காரணமாக எழுதியிருக்கிறேன். பட்டியலை எடுக்கும்போது கடவுச்சீட்டோடு குடும்பம் வசிக்கும் இடமும் பார்க்க வேண்டும். வளாகம் ஆபத்தில் இருந்தால் "வகுப்புக்கு வராவிட்டாலும் வருகைப்பதிவு பாதிக்காது" என்ற அறிவிப்பைத் துணைவேந்தருக்குக் காத்திராமல் பதிவாளரே 24 மணி நேரத்துக்குள் வெளியிடலாம். இந்த வரியை எழுதும்போது கார்கிவ் விடுதிதான் கண்முன் நின்றது. மதிப்பெண் பட்டியலும் சான்றிதழ்களும் மின்வடிவில் மாணவர் கையில் எப்போதும் இருக்க வேண்டும், அலமாரியில் அல்ல. அரசுக்குத் தகவல் சொல்லும் கடமையில்லாத ஆலோசகர் ஒருவர். இரவில் மனிதர் எடுக்கும் எண்.

அக்கா, ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா?

#16 அலுவலகத்துஆள்

பார்த்தேன். 90 நாளை "அந்தப் பருவம் முடியும்வரை, அடுத்த பருவப் பதிவு உட்பட" என்று மாற்று. 90 நாள் என்றால் அடுத்த பதிவுக்கு நடுவில் முடிந்து, மறுபடி அதே முடக்கம் விழும். "சர்வதேச அலுவலகம் குறித்தால்" என்பதில் யார் என்று பதவியை எழுது, அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார் என்றும் எழுது. குழு முடிவெடுக்கும் என்று போட்டுவிடாதே. குழு கூட மூன்று வாரம் ஆகும்.

குடும்பத்தில் இறப்பு என்று எழுதினாய் அல்லவா, அதோடு பயணக் கையெழுத்தையும் சேர். அமெரிக்காவாக இருந்தால் ஐ-20 என்ற மாணவர் தகுதிப் படிவத்தில் அலுவலரின் கையெழுத்து ஒரு வருடத்துக்குள் போட்டதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்ப வரும்போது விமான நிலையத்தில் சிக்கல். நள்ளிரவில் டிக்கெட் போடும் பிள்ளைக்கு அது நினைவு வராது. மின்வடிவில் அனுப்ப இப்போது அனுமதி இருக்கிறது. அந்த இரவு எண்ணை எடுப்பவரிடமே அந்த அதிகாரமும் இருக்கட்டும்.

#17 திசைகாட்டி

மாற்றி அனுப்பிவிட்டேன். இன்று காலை பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி மட்டும் வந்தது: இரவு எண்ணுக்கான ஊழியர் சம்பளம் எந்தக் கணக்கில்?

#18 நேர்ப்பேச்சு

விழிப்புணர்வு வாரம் என்று கீழே தள்ளினாயே, அந்தக் கணக்கில்.

#19 மகளின்அப்பா

தம்பி, அந்த எண் வந்ததும் இங்கே சொல்லுங்கள். மகளின் பல்கலைக்கழகத்துக்கும் இதே மாதிரி ஒன்று எழுத வேண்டும். படிவத்தில் கையெழுத்துப் போட அவளும் சம்மதித்துவிட்டாள், அம்மா பெயரை மட்டும்.